கர்த்தரும் வேண்டும், கன்றுக்குட்டியும் வேண்டும்

வேதாகமம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பத்துக் கட்டளைகளில் முதலிரண்டைச் சுற்றியே இருந்தன: வேறே தேவர்கள் வேண்டாம், விக்கிரகம் வேண்டாம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி: பொன் கன்றுக்குட்டியைச் செய்துவிட்டு ஆரோன், "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்று கூறுகிறான் (யாத்திராகமம் 32:5). கர்த்தரை விட்டுப் போகிறவன் எதற்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும்? (தூத்துக்குடி)

விட்டுப் போவதாக அவன் நினைக்கவே இல்லை. மோசே மலையிலிருந்து இறங்கி வரத் தாமதமாகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்று ஜனங்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆரோன் அவர்கள் காதணிகளை வாங்கி வார்ப்பிக்கிறான், பலிபீடம் கட்டுகிறான், கர்த்தரின் பெயரிலேயே பண்டிகை அறிவிக்கிறான். மறுநாள் அவர்கள் செலுத்துவது சர்வாங்க தகனபலியும் சமாதானபலியும். எட்டு அதிகாரத்துக்கு முன்னால் உடன்படிக்கை செய்தபோது செலுத்தியவையும் இவைதான் (24:5). பெயரும் பலியும் மாறவில்லை. "வேறே தேவனைத் தேடிப் போனீர்களா?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

அக்காலச் சிரியா, கானான் பகுதிகளில் புயல் தெய்வத்தைக் காளையின் முதுகில் நிற்பதாகச் செதுக்குவது வழக்கம். ஆகவே கன்றுக்குட்டி தெய்வமல்ல, தெய்வம் நிற்கும் பீடம்தான் என்று விளக்குகிற அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பீடம் வேறு, தெய்வம் வேறு என்பது கற்றவனுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் நிற்கிறவன் கண்முன் இருப்பதையே முத்தமிடுவான். ஓசியா 13:2 கன்றுக்குட்டிகளை முத்தமிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது.

இதே வேலையை யெரொபெயாம் கணக்குப் பார்த்துச் செய்தான் (1 இராஜாக்கள் 12:26-33). சாலொமோனுக்குப் பின் ராஜ்யம் இரண்டாகி, வடக்கு யெரொபெயாமுக்கும் தெற்கு சாலொமோனின் மகன் ரெகொபெயாமுக்கும் போயிற்று, ஆலயமோ தெற்கே எருசலேமில். ஜனங்கள் பண்டிகைக்கு அங்கே போய்வந்தால் மனசு ரெகொபெயாமிடம் திரும்பும், தன் தலை போகும் என்பது அவன் பயம். ஆகவே தெற்கு எல்லையில் பெத்தேலிலும் வடக்கு எல்லையில் தாணிலும் ஒவ்வொரு பொன் கன்றுக்குட்டியை வைத்தான். ஆலயப் பணிக்குரிய லேவி கோத்திரத்தைச் சேராதவர்களை ஆசாரியராக்கினான். ஏழாம் மாதம் 15-ம் தேதி வரவேண்டிய கூடாரப்பண்டிகைக்குப் பதிலாக எட்டாம் மாதம் 15-ம் தேதி ஒரு பண்டிகை வைத்தான். "நீங்கள் எருசலேமுக்குப் போகிறது உங்களுக்கு வருத்தம்" என்று அவன் ஜனங்களிடம் சொன்னது, அவர்கள் கால்வலிக்காகக் கவலைப்படுகிறவன் பேச்சு! பயம் அவனுடையது, சலுகை ஜனங்களுக்கு. பெத்தேல் யாருடையது என்பதைப் பிற்பாடு அதன் ஆசாரியன் அமத்சியாவே வாய்விட்டுச் சொல்கிறான்: "அது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம்" (ஆமோஸ் 7:13).

வட ராஜ்யத்தில் கானானியர் தெய்வமான பாகாலின் வழிபாட்டை அடியோடு ஒழித்தவன் யெகூ ராஜா. அவனும் இந்தக் கன்றுக்குட்டிகள்மேல் கை வைக்கவில்லை (2 இராஜாக்கள் 10:28-29). பாகால் அந்நியன் என்று எல்லாருக்கும் தெரியும். கன்றுக்குட்டிக்கோ கர்த்தரின் பெயர் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. தாணில் அவ்ரகாம் பிரான் 1966-ல் தொடங்கிய அகழாய்வில் வழிபாட்டு மேடையும் பலிபீடத்தின் பெரிய கொம்பு ஒன்றும் கிடைத்தன. கன்றுக்குட்டி கிடைக்கவில்லை.

கேள்வி: நியாயாதிபதிகள் 17, 18-ல் வரும் மீகாவின் கதையால் என்ன பயன்? அதில் தண்டனையும் இல்லை, போதனையும் இல்லையே? (மார்த்தாண்டம்)

கணக்கை மட்டும் வாசித்துப் பாருங்கள். தாயின் 1,100 வெள்ளிக்காசு காணாமல் போகிறது. அவள் சாபமிட்டதைக் கேட்ட மகன், "நான்தான் எடுத்தேன்" என்று திருப்பித் தருகிறான். உடனே சாபம் ஆசீர்வாதமாகிவிடுகிறது. முழுப் பணத்தையும் கர்த்தருக்கென்று நேர்ந்ததாகச் சொல்கிறாள், தட்டானிடம் கொடுப்பது 200. மீதி 900 எங்கே போயிற்று என்று கதை சொல்வதில்லை. அந்த 200-ல் செய்த விக்கிரகம் மீகாவின் வீட்டில் ஏறுகிறது. அதோடு ஏபோத்து (ஆசாரியர் அணியும் உடை), சுரூபங்கள், பூசைக்கு முதலில் சொந்த மகன். பிறகு வழிப்போக்கனாக ஒரு லேவியன் அகப்பட, வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, ஒரு மாற்று வஸ்திரம், சாப்பாடு என்று பேசி முடிக்கிறான். லேவியன் கிடைத்துவிட்டானே, இனிமேல் கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்பது 17:13-ல் மீகாவின் வாக்கு. கர்த்தரே தடை செய்ததை வீட்டில் நாட்டிவிட்டு, கர்த்தரிடமே பலனை எதிர்பார்க்கிறான்.

தண்டனை இல்லை என்கிறீர்கள். ஆயுதம் தரித்த தாண் கோத்திரத்தார் 600 பேர் வந்து விக்கிரகத்தையும் ஏபோத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு ஆசாரியனாய் இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கா என்று லேவியனைக் கேட்கிறார்கள். அவன் மனம் மகிழ்ந்து அவர்களோடு நடையைக் கட்டுகிறான். சம்பளத்துக்கு வந்தவன், கூடுதல் கிடைத்த இடத்துக்குப் போனான். நான் உண்டுபண்ணின என் தெய்வங்களைக் கொண்டுபோகிறீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று மீகா அலறுகிறான் (18:24). திருடிப்போகக்கூடிய தெய்வம், அதைச் செய்தவன் வாயாலேயே. இதைவிடக் கடுமையாக எந்தப் போதனை சொல்ல முடியும்?

கேள்வி: செல்போன் ஒரு விக்கிரகம், கிரிக்கெட் ஒரு விக்கிரகம் என்று பிரசங்கிக்கிறார்கள். சரியா? (சென்னை)

உவமையாகச் சொன்னால் தவறில்லை. ஆனால் புதிய ஏற்பாடு பெயர் சொல்லி விக்கிரகாராதனை என்று அழைப்பது பொருளாசையை (கொலோசெயர் 3:5, எபேசியர் 5:5). பழைய ஏற்பாட்டில் 1 சாமுவேல் 15:23 முரட்டாட்டத்தை அதற்குச் சமமாக வைக்கிறது. யோபு 31:24-28 பொன்னை நம்பிக்கையாக வைப்பதையும், சூரியனையும் சந்திரனையும் பார்த்துக் கையை முத்தமிடுவதையும் அடுத்தடுத்துச் சொல்லி, ஒரே வகைக் குற்றமாக எண்ணுகிறது. செல்போனைப் பற்றிப் பேசுவது சுலபம். சீதனத்தையும் வட்டியையும் ஆலயக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும் என்ற சண்டையையும் பற்றிப் பேசினால் அடுத்த ஞாயிறு ஆள் குறையும்.

கேள்வி: கத்தோலிக்கர் பத்துக் கட்டளைகளில் இரண்டாவதை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே? சுரூபம் வைப்பதே பாவமா? (பாளையங்கோட்டை)

எடுக்கவில்லை, சேர்த்து எண்ணுகிறார்கள். வேதத்தில் "பத்து" என்ற எண் உண்டு (யாத்திராகமம் 34:28), ஒன்று இரண்டு என்ற இலக்கம் இல்லை. "என்னையன்றி வேறே தேவர்கள்" என்பதையும் "விக்கிரகத்தை உண்டாக்க வேண்டாம்" என்பதையும் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒரே கட்டளையாகக் கொண்டு, இச்சையைப் பற்றிய கடைசிக் கட்டளையை இரண்டாக்கிப் பத்தை நிரப்புகிறார்கள். தரங்கம்பாடி லூத்தரன் மரபில் ஞானோபதேசம் படித்தவர்களுக்கும் இந்த எண்ணிக்கைதான் பழக்கம். ஆங்கிலிக்கன், சீர்திருத்த, ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரண்டாகப் பிரித்து எண்ணுகின்றன. யூதர் எண்ணிக்கை இன்னும் வேறு.

சுரூபம் எல்லாமே பாவம் என்றால், உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இரண்டு பொன் கேருபீன்களை வைக்கக் கட்டளை வந்திருக்காது (யாத்திராகமம் 25:18). 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் ஆராதனை கடவுளுக்கு மட்டும், படத்துக்குச் செலுத்தும் வணக்கம் படத்தில் உள்ளவருக்குப் போகிறது என்று வரையறுத்தது. சீர்திருத்தக்காரர் பலர் இதை ஏற்கவில்லை, ஏட்டில் இருக்கும் கோடு நடைமுறையில் அழிந்துவிடும் என்றார்கள். நம் கருத்து: இரு தரப்பாரும் யூதாவின் ராஜா எசேக்கியாவிடம் பரீட்சை எழுதவேண்டும். வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் செய்யச் சொன்னது, மோசே செய்தது, உயிரைக் காத்தது. நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டினார்கள், எசேக்கியா அதை உடைத்தான் (2 இராஜாக்கள் 18:4). பிறப்பு நல்லதாக இருந்ததால் அது தப்பவில்லை. சுரூபமே இல்லாத சபையில் இருக்கிறவர்கள் கிதியோனையும் சேர்த்து வாசியுங்கள். அவன் 1,700 சேக்கல் பொன்னில், ஏறக்குறைய 19 கிலோவில், செய்துவைத்தது சிலை அல்ல, ஏபோத்து. அதுவும் அவன் வீட்டாருக்குக் கண்ணியாயிற்று (நியாயாதிபதிகள் 8:26-27).

கேள்வி: ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறேன். ஆயுதபூஜை அன்று எல்லாரும் கூடி நிற்க வேண்டும் என்கிறார் முதலாளி. நாகமானுக்கு எலிசா அனுமதி தந்தாரே, அது எனக்கும் பொருந்துமா? (கோயம்புத்தூர்)

சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கியபின் எலிசா தீர்க்கதரிசியிடம் பேசிய வரிசையைக் கவனியுங்கள் (2 இராஜாக்கள் 5:17-19). முதலில், இனி கர்த்தருக்கே அல்லாமல் வேறே தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்கிறான். அதற்காகவே இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் மண்ணைக் கேட்கிறான். அதன்பிறகுதான் அடுத்த விஷயம்: ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது கைலாகு கொடுக்கும் நானும் குனிய வேண்டியதாகும், இதைக் கர்த்தர் மன்னிப்பாராக. சரி என்று சான்றிதழ் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கிறான். எலிசாவும் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லாமல், "சமாதானத்தோடே போ" என்கிறார். இதைப் பொது அனுமதிச்சீட்டாக்கினால் முதல் வாக்கியம் காணாமல் போய்விடும். மறுபுறம் தானியேல் 3-ல் வணங்கு, இல்லாவிட்டால் சூளை என்பது ராஜ கட்டளை. அங்கே குனிவதே அறிக்கை, ஆகவே சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் நின்றார்கள்.

கி.பி. 200-ஐ ஒட்டி கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் விக்கிரக விஷயத்தில் மிகக் கறாரானவர். அவரே, புறமத வீட்டுத் திருமணத்துக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் போகலாம், பலிக்கென்று அழைத்தால் போகக் கூடாது என்று எழுதினார். வந்த காரணம் எது என்பது அவர் அளவுகோல்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள், அது உங்கள் வேலை. மரியாதையாக ஓரமாய் நில்லுங்கள். பெயர் நட்சத்திரம் சொல்லி சங்கற்பம் செய்துகொள்வது, ஆரத்தி தொட்டுக்கொள்வது, திருநீறு பூசிக்கொள்வது இவை பங்கெடுப்பு, அதில் சேர வேண்டாம். முக்கியமானது, இதை முதலாளியிடம் ஒரு வாரம் முன்பே தனியாகச் சொல்வது. தட்டு நீட்டுகிற நிமிஷத்தில் கையை இழுத்தால் அது விசுவாசமாகத் தெரியாது, அவமானப்படுத்தியதாகத்தான் தெரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டார் தீபாவளிக்குப் பலகாரம் தருகிறார்கள். 1 கொரிந்தியர் 10:25 சாப்பிடலாம் என்கிறது, 10:21 கூடாது என்கிறது. எதை எடுப்பது? (வேலூர்)

இரண்டும் இரண்டு வேறு இடங்களைப் பற்றியவை. ஒன்றை எடுத்து எல்லா இடத்துக்கும் போடுவதில்தான் குழப்பம் வருகிறது. கொரிந்துவில் கோவில் வளாகத்திலேயே விருந்து நடக்கும். அங்கே கிரேக்கரின் மருத்துவ தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோவிலை ஒட்டி, ஒவ்வொன்றிலும் 11 பேர் சாய்ந்து உண்ணக்கூடிய மூன்று அறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். தொழில் கூட்டாளி அங்கே அழைத்தால் என்ன செய்வது என்பது நிஜமான சிக்கல். அந்தப் பந்தியைப் பற்றியதுதான் 8:10-ம், "கர்த்தருடைய போஜனபந்திக்கும் பேய்களுடைய போஜனபந்திக்கும்" ஒருசேரப் பங்காக முடியாது என்ற 10:21-ம். பலியில் பங்கு உண்பது பீடத்தோடு ஐக்கியம் என்பது பவுலின் வாதம். கடையில் விற்கும் இறைச்சிக்கு அந்த ஐக்கியம் இல்லை, விசாரிக்காமல் வாங்கு (10:25). வீட்டு விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு (10:27). ஒருவன் "இது படைக்கப்பட்டது" என்று சொன்னால் மட்டும் சாப்பிடாதே, அதுவும் சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக (10:28-29). பொருளில் விஷம் ஏறிவிட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு முறுக்கும் அதிரசமும் அன்பாக வருகின்றன. வாங்குங்கள், சாப்பிடுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். "சாமிக்குப் படைச்ச பிரசாதம்" என்று சொல்லித் தந்தால், "அக்கா, பிரசாதமா நாங்க எடுத்துக்கிறதில்ல, தப்பா நெனைக்காதீங்க, ஆறின காப்பி குடுத்தாலும் குடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதும் குப்பையில் போடுவதுதான் ஆகாத காரியம். அது அவர்களுக்குச் செய்யும் துரோகம், உங்களுக்கும் ஒரு பொய்.

கேள்வி: திருமண ஓலைக்கு ராகுகாலம், எமகண்டம் தவிர்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். உறவினருக்காகச் செய்வது தவறா? (நாகர்கோவில்)

உபாகமம் 18:10 "நாள்பார்க்கிறவன்" என்று நேராகவே சொல்கிறது. உறவினர் ஏற்கெனவே நேரம் சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்கு வருவதில் குற்றமில்லை, உங்களுக்கு எந்த நேரமும் நேரம்தான். நீங்களே காலண்டரைப் புரட்டி ஏழரை மணியைத் தள்ளிவைத்தால், அது உறவினருக்காக அல்ல. ஒரு குறிப்பு: இதற்கு கலாத்தியர் 4:10-ஐ மேற்கோள் காட்டாதீர்கள். அங்கே பேச்சு நியாயப்பிரமாணத்தின் நாட்களைப் பற்றியது.

கேள்வி: மாமியார் சொல்கிறார்: "பழைய சாமியைக் கும்பிட்டவரை வீடு நன்றாயிருந்தது, சபைக்குப் போகத் தொடங்கியதும் கடன் வந்தது." என்ன பதில் சொல்ல? (திருச்சி)

மாமியாரின் வாதம் எரேமியா 44-ல் அப்படியே இருக்கிறது. எருசலேம் விழுந்தபின் எகிப்துக்கு ஓடிய யூதர் சொல்கிறார்கள்: வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபங்காட்டினவரை அப்பத்துக்குக் குறைவில்லை, நிறுத்தியதுமுதல் "எல்லாம் எங்களுக்குக் குறைவுபட்டது" (44:17-18). இது வெறும் பிதற்றலும் அல்ல. யூதாவின் ராஜா யோசியா கி.மு. 622-ல் அந்நிய வழிபாடுகளை ஒழித்தான், 609-ல் மெகிதோவில் கொல்லப்பட்டான், 597-ல் முதல் பெரிய சிறைப்போக்கு, 586-ல் ஆலயம் எரிந்தது. தேதியை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது பொருந்தும். எரேமியா அதே தேதிகளை வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுத்தியதால் அல்ல, அத்தனை வருஷம் செய்ததால் என்கிறார் (44:21-23). ஒரே சரித்திரத்துக்கு இரண்டு விளக்கம். லாப நஷ்டக் கணக்கு இந்த வழக்கைத் தீர்க்காது. ஆகவே "எங்கள் கடவுள் கடனைத் தீர்ப்பார் பாருங்கள்" என்று சவால் விடாதீர்கள், அது மாமியாரின் தராசிலேயே ஏறி உட்காருவது. கடன் எப்படி வந்தது என்பதைப் பாஸ்புக்கில் பாருங்கள்.

கர்த்தரோடு வேறு தெய்வங்களையும் சேர்த்துக்கொள்ளும் இந்தக் கலப்பு அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. தென் எகிப்தில் எலிஃபன்டைன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே கிடைத்த, கி.மு. 400-ஐ ஒட்டிய பாப்பிரஸ் நன்கொடைப் பட்டியல் ஒன்றில் ஆளுக்கு 2 சேக்கல் என்று பெயர்கள் இருக்கின்றன. தலைப்பில் யாகு (கர்த்தரின் பெயர்) தேவனுக்கான பணம் என்று எழுதியிருக்கிறது. பங்கீட்டிலோ யாகுவுக்கு 126 சேக்கல், வேறு தெய்வங்களான எஷெம்பெத்தேலுக்கு 70, அனாத்பெத்தேலுக்கு 120.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துவிட்டோம். வீட்டில் இருக்கும் பழைய வெள்ளிச் சிலைகளை உருக்கிக் கொலுசு செய்யலாமா? (ஈரோடு)

உபாகமம் 7:25 விக்கிரகங்களின்மேல் இருக்கும் வெள்ளியையும் பொன்னையும் இச்சிக்காதே என்கிறது. யாக்கோபின் வீட்டார் அந்நிய தேவர்களையும் காதணிகளையும் கொடுத்தபோது அவர் உருக்கவில்லை, சீகேமில் கர்வாலிமரத்தின் கீழே புதைத்தார் (ஆதியாகமம் 35:4). எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தவர்கள் விலையைக் கூட்டிப் பார்த்தார்கள், 50,000 வெள்ளிக்காசு, ஆனாலும் விற்கவில்லை (அப்போஸ்தலர் 19:19). ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்துப் பாருங்கள். கொலுசு வேண்டாம் என்பது நம் ஆலோசனை.

அதற்கு முன்னால் ஒன்று: அந்தச் சிலைகள் யாருடையவை? பெரியப்பா, சித்தப்பா வீடுகளுக்கும் பங்கு இருந்தால், உருக்கவோ புதைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. துணியில் சுற்றி, அவர்கள் கையில் மரியாதையாக ஒப்படையுங்கள். பாகாலின் பீடத்தை இரவில் இடித்த கிதியோனைச் சிலர் முன்னுதாரணம் காட்டுவார்கள். அது அவன் தகப்பன் வைத்திருந்த பீடம், உடன்படிக்கைக்கு உட்பட்ட ஜனத்தின் நடுவில் இருந்தது. பவுல் எபேசுவில் ஏறக்குறைய மூன்று வருஷம் ஊழியம் செய்தும், அவரோடு இருந்தவர்களைக் குறித்து, இவர்கள் கோவிலைக் கொள்ளையிடுகிறவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களும் அல்ல என்று ஊரின் சம்பிரதியே (நகர அதிகாரி) கூட்டத்தின் முன் சாட்சி சொல்ல முடிந்தது (அப்போஸ்தலர் 19:37). வாங்கிய ரசீது உங்கள் பெயரில் இருக்கிற சிறு விளக்கு, பூஜைத் தட்டு மாதிரிப் பொருட்களை நீங்களே முடிவு செய்யலாம்.